தவணை முறையில் ஒரு குண்டு

அத்தியாயம் பதினேழு

காலை ஆறு மணிக்கே மூத்தவளுக்கு உலகம் அலுத்துவிட்டது.

அலுப்பு என்றால் ஒரு தேநீரில் ஓடிப்போகிற சில்லறை அலுப்பு அல்ல. கட்டிலை விட்டு இறங்கு என்று வலது காலுக்கு உத்தரவு போட்டாள். அது இடது காலைக் கலந்துகொண்டு பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டது. இடது கால் விடுப்பில் இருந்தது. பல் தேய்க்கும்போது பிரஷ் கடப்பாரை கனம் கனத்தது. கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து, "யாருங்க, யாரைப் பாக்கணும்?" என்று கேட்காததுதான் பாக்கி.

பன்னிரண்டு நாளாகத் தூக்கமில்லை. காரணம் தையல் மெஷின் மூடிக்குள் இருந்தது.

வேலைக்கு அழைத்து வந்த அந்தக் கடிதத்தை அவள் அங்கே ஒளித்து வைத்தது உங்களுக்கு மறந்திருக்காது. மறந்திருந்தாலும் குற்றமில்லை, அவளே மறக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள். விமானத்தில் மூன்று மணி நேரம் போனால் வருகிற ஒரு துறைமுக ஊர். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் வாயில் புழங்குகிற சொற்களைக் காதால் கேட்டு, பதிவு செய்து, அகராதியாகத் தொகுக்கிற வேலை. மூன்று வருடம். தங்குவதற்கு ஓர் அறை. அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு கடல். வருகிறேன் அல்லது வரவில்லை என்று ஒரே ஒரு வரி இன்று மாலை ஆறு மணிக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேராவிட்டால் அறை, ஜன்னல், கடல் மூன்றும் அடுத்த ஆளுக்கு.

நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இருபது வருடமாக ஆங்கிலம் - தமிழ் அகராதி ஆபீசில் சொல் சொல்லாகச் செதுக்குகிறவள். அவளுக்கு அந்த ஊர் வேண்டும். அவ்வளவு வேண்டும். ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டுமே!

அப்பாவிடம் ஒரு செய்தியைச் சொல்வது அந்த வீட்டில் லேசுப்பட்ட காரியமா என்ன?

அப்பா முப்பத்தைந்து வருடம் ஓட்டுநர் லைசென்ஸ் தேர்வு எடுத்த அதிகாரி. அவர் ஃபெயில் ஆக்கியவர்களை வரிசையில் நிறுத்தினால் முதல் ஆளுக்கு வெயில் அடிக்கும்போது கடைசி ஆளுக்கு மழை பெய்யும். பெற்ற பிள்ளையையே நான்கு முறை ஃபெயில் ஆக்கினார். கண்ணாடியைப் பார்த்தபோது பையன் கண்ணைத் திருப்பினானாம், கழுத்தைத் திருப்பவில்லையாம்.

அவர் ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்துத் தம்பி வேறோர் அதிகாரியிடம் ஐந்தாவது முறை போனான். தெருமுனையிலிருந்தே, "அப்பா! பாஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் எழுந்தார். இரண்டு வருடம் ஆகிறது.

"அதிர்ச்சியான விஷயம் எதையும் பட்டுனு சொல்லாதீங்க" என்றார் டாக்டர். வாசல் வரை வருகிற எல்லாருக்கும் அவர் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே ஒரு சட்டம் போட்டுவிட்டாள். இனி எந்தச் செய்தியும் மூன்று தவணையில்தான். முதல் நாள் சாடை. இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள் முழுசு. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பிரஷர் மெஷினை அப்பா கையில் கட்டிப் பார்க்க வேண்டும். சொல்கிற பொறுப்பு மூத்தவளுக்கு.

"ஏன் நானே?" என்று கேட்டாள் அன்றைக்கு.

"நீதானே வார்த்தையோட பொழைக்கிறவ!" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து தம்பி அவளுக்கு வைத்த பெயர் வடிகட்டி.

வடிகட்டியின் சாதனைகளைச் சொன்னால் பக்கம் போதாது. பக்கத்து வீட்டு நாய் செத்த கதை ஒன்று போதும். முதல் நாள், "இப்பல்லாம் குரைக்கிற சத்தமே கேக்கலை இல்லப்பா?" என்றாள். இரண்டாம் நாள், "வயசாயிடுச்சு பாவம், எத்தனை நாளைக்குத்தான்..." என்று இழுத்தாள். மூன்றாம் நாளைக்குள் அவர்கள் புது நாய் வாங்கிவிட்டார்கள். அது குரைத்தது. அதைச் சரிக்கட்ட இன்னும் இரண்டு தவணை பிடித்தது.

இந்தச் சட்டப்படி பார்த்தால் அவளுடைய சொந்தச் செய்திக்கு முந்தாநாளே முதல் தவணை ஆரம்பித்திருக்க வேண்டும். ஆரம்பிக்கத்தான் போனாள். ஆனால் வடிகட்டியின் தலைவிதி, ஒவ்வொரு தடவையும் வேறு யாராவது தங்கள் கசடைக் கொண்டுவந்து மேலே ஊற்றிவிட்டார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான் விடிந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது தம்பி கூடவே வந்தான். முப்பத்து நாலு வயசு, லிஃப்ட் மெக்கானிக். கையில் சாப்பாட்டு டப்பா.

"அக்கா, ஒரு விஷயம்."

"வேணாம்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"ஒரு விஷயம்னு ஆரம்பிச்ச பாரு, அதுலயே எனக்கு வயிறு ரொம்பிடுச்சு."

"வேலைய விட்டுட்டேன்க்கா."

அவள் நின்றாள். பின்னால் வந்தவர் அவள் மேல் மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"எப்ப?"

"மூணு வாரம் ஆச்சு."

"அப்ப தெனமும் டப்பாவைத் தூக்கிட்டு எங்கடா போற?"

"லைப்ரரி. பேப்பர் படிக்கிற ஹால். ஜன்னல் பக்கம் மூணாவது நாற்காலி என்னுது. நேத்து ஒரு ஆள் அதுல உக்காந்துட்டான். எனக்கு வந்துச்சு பாரு கோவம்!"

"ஏன் விட்ட?"

தம்பி டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். "லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்க்கா. அஞ்சு மணி நேரம். பதினோராவது மாடிக்கும் பன்னெண்டாவது மாடிக்கும் நடுவுல. ரிப்பேர் பண்ணப் போனவனே நான்தான். உள்ளேர்ந்து கத்துறேன், வெளிய இருக்கிறவன் சொல்றான், 'கவலைப்படாதீங்க சார், மெக்கானிக் உள்ளதான் இருக்காரு'ன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாமல் பாதியிலேயே விட்டுவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை.

"அப்புறம் எந்த லிஃப்ட்டைப் பாத்தாலும் கை நடுங்குது. அந்தக் கதவு மூடுற சத்தம் இருக்கே..." நிறுத்திக்கொண்டான். "அப்பாகிட்ட நீ சொல்லிடு. மூணு தவணையா."

"டேய், எனக்கே ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. இன்னிக்கே..."

"பஸ் வந்துடுச்சுக்கா!" என்றான். அது அவன் போகிற பஸ்கூட இல்லை. ஏறிவிட்டான்.

ஆபீசில் அவளுடைய மேஜை மேல் ஒரு சொல் காத்திருந்தது. பி எழுத்தில் நாலு மாதமாக ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய சொல் பாம்ப்ஷெல்.

அந்த ஆபீசுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே எழுதுகிற தமிழ், யாராவது வாயால் பேசிக் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். கேட்டவர் அதை ஒரு சீட்டில் எழுதி, எங்கே, என்றைக்குக் கேட்டது என்று கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். சீட்டு இல்லாத தமிழ் உள்ளே நுழைய முடியாது. 'பேரதிர்ச்சி விளைவிக்கும் தகவல்' என்று அவள் நேற்று எழுதிய பொருளை, தலைமைப் பதிப்பாசிரியர் மேடம் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். பக்கத்தில் ஒரு கேள்வி: 'இப்படி யார் பேசுகிறார்கள்?'

மேடம் மூத்தவளை விட ஐந்து வயது சின்னவர். குரல் மட்டும் ஐம்பது வயது பெரியது.

"உக்காருங்க. முகம் ஏன் பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு?"

"பிழிஞ்சதாலதான் மேடம்."

"சரி, சொல்லுக்கு வாங்க. செல் குண்டுதான் மொத அர்த்தம், பீரங்கிக்குள்ள போட்டுச் சுடுறது. அது தகராறு இல்லை. ரெண்டாவது அர்த்தத்துக்குத் தமிழ்ல என்ன?"

"தலையில குண்டைத் தூக்கிப் போடறது. சீட்டு இருக்கு. கூட ஒண்ணு, 'இடி விழுந்த மாதிரி'. அதுக்கும் சீட்டு இருக்கு."

"மூணாவதா ஒரு அர்த்தம் இருக்கே!" என்று மறுமேஜையிலிருந்து குரல் வந்தது. அகராதிப் பக்கங்களை வடிவமைக்கிற ஓவியர். "பாத்ததும் ஆளை அடிச்சுப் போடற அழகி. அதுக்கு நான் சீட்டுத் தரட்டுமா? என் சொந்த அனுபவம்."

"உங்க அனுபவத்துக்கெல்லாம் 'பழைய வழக்கு'ன்னு குறிப்புப் போட்டுடுவோம்" என்றார் மேடம் திரும்பாமலே. ஓவியர் அடங்கினார். "சரி, இது கெட்ட செய்தியா மட்டும்தான் இருக்கணுமா? நல்ல செய்தி பாம்ப்ஷெல் ஆகாதா?"

"ஆகும். எங்க வீட்டுல ஒரு நல்ல செய்திதான் எங்கப்பாவை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோச்சு."

"அப்ப செய்தி பெருசா சின்னதாங்கிறது கணக்கில்லை."

"இல்லை மேடம். பேப்பர்ல வெங்காயம் வெலை ஏறினாலும் பாம்ப்ஷெல்னு போடறான். அது வெறும் கூச்சல். கேக்கிறவங்க அதுக்குத் தயாரா இல்லாம இருக்கணும். அதுதான் உயிர். தயாரா இருந்தவங்க தலையில எதைத் தூக்கிப் போட்டாலும் அது பாம்ப்ஷெல் இல்லை."

மேடம் பேனாவை வைத்தார். "அப்ப கொஞ்சம் கொஞ்சமா, நாள் கணக்கா, சாடையா சொல்லிக்கிட்டே வந்தா?"

மேடம் அவளுடைய வீட்டைச் சுவர் வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்கிற மாதிரி மூத்தவளுக்கு இருந்தது. "அது பாம்ப்ஷெல் ஆகாது. மூணு நாளைக்கு வயித்துல புளியைக் கரைக்கும், அவ்வளவுதான்."

"அதையும் எழுதுங்க. மூணு மணிக்குள்ள வேணும்."

எழுத உட்கார்ந்தபோது போன் அடித்தது. அம்மா. பின்னால் அருவி கொட்டுகிற சத்தம்.

"ஏன்டி, வேலையா இருக்கியா?"

"ஆமாம்மா."

"அப்பச் சுருக்கமா சொல்லிடறேன். குளியலறையில இருக்கேன், குழாயைத் தெறந்து விட்டிருக்கேன். உங்கப்பா வெளிய இருக்காரு."

மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டுச் சொல்கிற செய்தி சின்னதாக இருந்த சரித்திரமே அந்த வீட்டில் கிடையாது.

"முழங்கால் பயிற்சிக்குப் போறேன்னு ஆறு மாசமா போயிட்டு வரேன்ல? அது முழங்கால் இல்லைடி. கார் ஓட்டக் கத்துக்கறேன்."

"அம்மா! உனக்கு அறுபத்து நாலு வயசு!"

"காருக்கு அது தெரியாதே! முழுசாக் கேளு. ரெண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போனேன். ரெண்டு தடவையும் ஊத்திக்கிச்சு. வர்ற புதன்கிழமை மூணாவது. அதுல என்ன சங்கடம்னா, நேத்துப் பணம் கட்டப் போனா, டெஸ்ட் எடுக்கிற இடத்துல புதுசா ஒரு அதிகாரி வந்திருக்காரு. உங்கப்பாகிட்ட வேலை கத்துக்கிட்ட பிள்ளை. என்னைப் பாத்ததும் நாற்காலியை விட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. 'ஐயாகிட்ட இன்னிக்கோ நாளைக்கோ போன்ல பேசறேம்மா'ங்கிறாரு."

"சரி, நீயே அப்பாகிட்ட..."

"நானா? அந்த நெஞ்சுக்கு நானா? அதோட கத்துக்குடுக்கிற ஆளு யாருன்னு தெரிஞ்சா..." அருவிக்கு நடுவே அம்மா குரலை இன்னும் இறக்கினாள். "உங்கப்பா ஒருத்தரை ஏழு தடவை ஃபெயில் பண்ணினாரே, ஞாபகம் இருக்கா? அவருதான். இப்ப சொந்தமா டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்காரு. என்னைப் பாஸ் பண்ண வைக்கிறதுதான் இனிமே அவரோட வாழ்க்கை லட்சியமாம்."

மூத்தவள் நெற்றியை மேஜை மேல் வைத்தாள். மரம் குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது.

"இன்னிக்குச் சாயங்காலமே மொத தவணை ஆரம்பிச்சிடு, என் கண்ணுல்ல!"

"அம்மா, எனக்கும் ஒண்ணு இருக்கு. நான்..."

"டாங்க்ல தண்ணி தீர்ந்துடும்டி, வெச்சுடறேன்."

மூன்று மணிக்கு அவள் சீட்டுகளோடு போனாள். மேடம் படித்தார், கீழே கையெழுத்துப் போட்டார். சிவப்புப் பேனா மூடியே திறக்கவில்லை. அப்புறம் கேட்டார்:

"அந்த ஊருக்குப் பதில் அனுப்பிட்டீங்களா?"

அந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே மேடம்தான்.

"ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"ஆறுன்னா, எந்த ஊர் ஆறு?"

மூத்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது வருடம் சொல்லுக்குப் பொருள் எழுதியவள், பன்னிரண்டு நாளாக ஒரு கடிகாரத்துக்குப் பொருள் பார்க்கவில்லை.

"அங்க ஆறு அடிக்கும்போது இங்க அஞ்சு" என்றார் மேடம். "இங்கேயே உக்காந்து அனுப்பிடுங்க. ஒரு வரி."

"அப்பாகிட்ட சொல்லாம அனுப்பினா, வீட்டுல திருடிட்டு ஓடிப்போற மாதிரி இருக்கும் மேடம்."

"அப்ப கெளம்புங்க. ஏன் நின்னுக்கிட்டிருக்கீங்க?"

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலு இருபது. இரண்டாவது மாடிக்கு முப்பத்தாறு படி. இன்றைக்கு யாரோ நடுவில் முந்நூறு படி சொருகிவிட்டிருந்தார்கள்.

அம்மா முழங்காலுக்குப் போயிருந்தாள். அப்பா பால்கனியில் நாற்காலி போட்டுத் தெருவில் போகிறவர்களை வழக்கம்போல ஃபெயில் ஆக்கிக்கொண்டிருந்தார்.

"இண்டிகேட்டர் போடலை. ஃபெயில். வளைவுல வேகத்தைக் குறைக்கலை. ஃபெயில். இவன் என்ன, ஒத்தைக் கையில ஓட்டறான்? ஃபெயிலோ ஃபெயில்."

மூத்தவள் அலமாரியைத் திறந்து பிரஷர் மெஷினை எடுத்தாள். கை தானாகச் செய்தது. மனசுக்குள் முதல் தவணை தயாராக இருந்தது: 'கடல் பக்கம் இருக்கிற ஊரெல்லாம் நல்லாயிருக்கும் இல்லப்பா?' ஆனால் இரண்டாம் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் நாள் எங்கே இருக்கிறது? இருப்பது நாற்பது நிமிஷம்.

அப்பா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். மெஷின் உறுமியது, இறுக்கியது, பெருமூச்சு விட்டது. நூற்று எழுபத்து இரண்டு.

"என்னப்பா இவ்வளவு? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

"நீ அலமாரியைத் தெறந்த சத்தம் கேட்டுதுல்ல. அப்பவே ஏறிடுச்சு."

"என்னது?"

"பின்ன? இந்தச் சனியன் வெளிய வந்தா யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். யாருக்கு, என்னன்னு தெரிய மூணு நாள் ஆகும். அந்த மூணு நாளும் எனக்குத் தூக்கம் கெடையாது." மடித்த கையைப் பிரித்துவிட்டுக்கொண்டார். "அந்த நாய் விஷயத்துல, 'வயசாயிடுச்சு பாவம், எத்தனை நாளைக்குத்தான்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்ட. நான் உங்கம்மாவுக்குத்தான் ஏதோ வந்துடுச்சுன்னு நெனைச்சேன். ராத்திரி பூரா அவ மூச்சு விடறாளா விடறாளான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

மூத்தவளுக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா ஏம்ப்பா இதைச் சொல்லலை?"

"சொன்னா உங்களுக்கெல்லாம் அதிர்ச்சியா இருக்குமேன்னுதான்."

அவள் மெஷினின் பட்டையைச் சுருட்டினாள். பெட்டியில் போட்டு மூடினாள். மணி நாலு நாற்பது.

"அப்பா, ஒரே தடவையா சொல்லிடறேன். எனக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. பிளேன்ல மூணு மணி நேரம். மூணு வருஷம். பத்து நாள்ல போகணும். போறேன்."

எண்ணிப் பார்த்தால் ஏழு நொடி. பன்னிரண்டு நாளாக அவளைத் தின்றது ஏழு நொடிச் சரக்கு. எதுவும் இடிந்து விழவில்லை. அப்பாவின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. கீழே ஒரு ஸ்கூட்டர் இண்டிகேட்டர் போடாமல் சரேலென்று திரும்பியது. அப்பா அதை ஃபெயில் ஆக்கவில்லை.

அந்த ஸ்கூட்டர் மறைந்த பிறகு சொன்னார்:

"போகாதேம்மா."

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவள் கைப்பையில் இருந்தது. டாக்டர் நம்பர் போனில் முதலாவதாக இருந்தது. தெருமுனை டாக்ஸிக்காரரிடம் வரும்போதே சொல்லி வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். 'போகாதேம்மா' என்று அவர் சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற குரலில் கேட்பதற்கு மட்டும் தயாராக வரவில்லை.

"அப்பா, நான் கேக்கலை. சொல்றேன்."

"தெரியுது." தெருவையே பார்த்தார். "அங்க யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை."

"அதுக்காகத்தான் போறியா?"

பொய் சொல்லலாம். நல்ல பொய் நாலைந்து கைவசம் இருந்தது. தூக்கி எடுக்கத் தெம்பில்லை.

"கொஞ்சம் அதுக்காகவும்தான். வேலை நல்ல வேலைப்பா. ஆனா எனக்கு ரொம்ப அலுத்துப்போச்சு. எல்லாரோடதையும் நான் வாங்கி வெச்சுக்கிட்டு, யாருக்கு எப்ப எவ்வளவு சொல்லணும்னு பாத்துக்கிட்டு... என்னோடதைச் சொல்ல எனக்கு ஒரு ஆளு இல்லை."

அப்பா இப்போதுதான் திரும்பினார். லைசென்ஸ் கேட்டு வந்தவனின் முகத்தையும் போட்டோவையும் ஒப்பிடுகிற மாதிரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் குழிவிழுந்து கெடக்கு" என்றார். "எத்தனை நாளா?"

"பன்னெண்டு நாளா. இல்லை, ரெண்டு வருஷமா."

"ம்." நாற்காலிக் கையை விரலால் தட்டினார். "இதோ பாரு. நான் போகாதேன்னு சொன்னேன். அதை வாபஸ் வாங்க மாட்டேன். என் மனசுல இருக்கிறது அது, சொல்லிட்டேன். நீ போறதா இருந்தா போ. ரெண்டும் ரெண்டு பக்கம் இருந்துட்டுப் போகட்டும்."

முப்பத்தைந்து வருடத்தில் அவர் யாருக்காவது இவ்வளவு தாராளமாக மதிப்பெண் போட்டதுண்டா? லைசென்ஸ் ஆபீசில் விசாரித்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

நாலு ஐம்பத்து இரண்டுக்கு அவள் ஒரு வரி எழுதினாள். 'வருகிறேன்.' கூட ஒரு நன்றி. அழுத்திவிட்டாள். சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, ஒரு யுகம் சுற்றியது. போய்ச் சேர்ந்தது.

கையோடு தம்பிக்கும் ஒன்று தட்டினாள். 'உன் விஷயத்தை நீயே வந்து சொல். அப்பா தாங்குவார். ஒரே தவணை.'

பதிலுக்கு அவனிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

அப்பாவும் மகளும் கூடத்து மேஜையருகே வந்து உட்கார்ந்தபோது அம்மா உள்ளே வந்தாள். முழங்கால் பயிற்சிக்குப் போனவள் மாதிரி நொண்டிக்கொண்டுதான் வந்தாள். ஆறு மாதப் பழக்கம். மேஜை மேல் மெஷின் பெட்டியைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்: மொத தவணை ஆச்சா?

மகள் இல்லை என்று தலையசைத்தாள்.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் அம்மா.

"உன் பொண்ணு வேலைக்கு வெளியூர் போறா. பத்து நாள்ல. மூணு வருஷம்" என்றார் அப்பா.

அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள், ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில் நின்றுவிட்டாள். "யார் சொன்னது?"

"அவதான்."

"உங்ககிட்டயா? நேராவா? அப்படியேவா?" அம்மாவின் கண் அப்பாவின் நெஞ்சுக்கும் முகத்துக்கும் நாலு தடவை போய் வந்தது. பிறகு மகளிடம் வந்து தங்கியது. அதில் கோபம் இருந்தது, கண்ணீரும் இருந்தது. கூடவே, என் காரியத்தை இனிமேல் யார் பார்ப்பார்கள் என்ற பயமும் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"சொல்ல வந்தேம்மா. குழாயை மூடப் போயிட்ட."

மேஜை மேல் இருந்த அப்பாவின் போன் அடித்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டு இப்போது அதிகாரியாகிவிட்ட அந்தப் பிள்ளையின் பெயர்.

அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அட, இவனா! எத்தனை நாளாச்சு!" என்று கையை நீட்டினார்.

அம்மா மகளைப் பார்த்தாள். இரண்டு வருடமாக இப்படிப்பட்ட நேரத்தில் மூத்தவள் பாய்ந்து போனைப் பிடுங்குவாள், 'அப்பா குளிச்சிக்கிட்டிருக்காருங்க' என்பாள். அவள் வாய்கூடப் பழக்கத்தில் லேசாகத் திறந்தது. ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

மூன்றாவது மணி. நான்காவது மணி.

"ஏங்க, அதை எடுக்காதீங்க!" என்றாள் அம்மா. அந்தரத்தில் இருந்த காலைத் தரையில் ஊன்றினாள். நொண்டாமல் ரெண்டு எட்டில் மேஜைக்கு வந்து போனைக் கையால் மூடிக்கொண்டாள். "அவர் சொல்லி நீங்க கேக்க வேணாம். நானே சொல்றேன். நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். புதன்கிழமை எனக்கு டெஸ்ட்."

போன் அம்மாவின் கைக்கு அடியில் இன்னும் இரண்டு தடவை முனகிவிட்டு அடங்கியது.

மகள் அப்பாவின் கையைப் பார்த்தாள். அது நெஞ்சுக்குப் போகவில்லை. மூக்குக் கண்ணாடிக்குப் போனது. கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், மாட்டினார். ஆயிரக்கணக்கானவர்களை நடுங்க வைத்த அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது.

"யார்கிட்ட கத்துக்கிட்ட?"

அம்மா வழக்கம்போல மகள் பக்கம் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. உள்ளறையில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. மூத்தவள் பரண் மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.